ரன்வே பொறுக்கி

அக்கா நடக்கும்போது பேசுவார். ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். இடப்பக்கம் ஐந்து தப்படி தள்ளி வரும் நெட்டையனிடம் ஏதோ சொல்லிக்கொண்டு வருகிறார், கண் மட்டும் காலுக்கு நாலடி முன்னால் தார்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பேச்சு நடுவில் நிற்கும். முழங்கால் மடங்காமல் இடுப்பு மட்டும் மடியும். கை கீழே போய் மேலே வரும்போது விரலிடுக்கில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கல் இருக்கும். அது இடுப்புப் பைக்குள் விழுந்த பிறகு, விட்ட சொல்லிலிருந்தே பேச்சு மறுபடி கிளம்பும்.

"நீ வானத்தப் பாத்துக்கிட்டே நடக்கறே. ஏரோப்ளேன் அங்கதான் பறக்குது, இல்லேன்னு யாரு சொன்னா. நம்ம பொழப்பு கீழ கிடக்குப்பா."

நெட்டையன் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கு நாற்பது வயது, ஆறடி இரண்டங்குலம். தரை அவருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் தூரம் என்பதை அக்கா ஒரு காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை.

அந்த விமானப்படைத் தளத்தில் ஒவ்வொரு நாளும் பொழுது புலரும்போது எட்டுப் பேர் இப்படி வரிசை கட்டி ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து தீர்க்கிறார்கள். இரண்டு மைல் நீளம். ஆரஞ்சு நிற மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் துணிப்பை. கல், கம்பித்துண்டு, திருகாணி, செத்த வெட்டுக்கிளி, காற்றில் அடித்து வந்த பாலித்தீன் உறை, எதுவானாலும் பைக்குள் போகவேண்டும். நடை முடிந்து அக்கா ஏட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய முதல் விமானத்துக்கு வழி திறக்கும். அவர் கையெழுத்து நத்தை ஊர்ந்த மாதிரி இருக்கும். அதற்காகக் காத்து நிற்பது மணிக்கு ஆயிரத்தைந்நூறு மைல் வேகத்தில் போகிற சாதி.

ஜெட் எஞ்சின் ஒரு வீடு கொள்ளும் காற்றை ஒரே மூச்சில் இழுக்கும். அந்த மூச்சோடு ஒரு கல் உள்ளே போனால், சுழலும் தகடுகளில் ஒன்று முறியும். முறிந்த துண்டு அடுத்ததை முறிக்கும். ஓர் எஞ்சின் செத்துப்போக ஐந்து நொடி போதும். இதைப் பொறியியல் அதிகாரிகள் படம் போட்டு விளக்குவார்கள். அக்கா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "சோத்துல கல்லு கடிபட்டா நமக்குப் பல்லு போகும். அதுக்கு உசுரே போகும், உள்ள உக்காந்திருக்கிற புள்ளைக்கும் சேத்து."

வீட்டில் அவருக்கு வேறு பெயர். வைத்தவர் கொழுந்தன். கல்யாணமாகி வந்த புதிதில், யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் வாசலிலேயே அறிமுகத்தை ஆரம்பித்துவிடுவார்: "எங்க அண்ணி ஒரு பொறுக்கிங்க. தப்பா நினைக்காதீங்க, வேலையே அதுதான்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்காவுக்கு முகம் சுண்டிப்போகும். இரண்டு மூன்று வருடம் இது நடந்தது. ஒரு நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அக்கா டீத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஆமா, பொறுக்கிதான். ஊர்ல எத்தனையோ பொறுக்கி திரியறான். சம்பளம் கொடுத்து, சட்டை கொடுத்து, காலையில ஜீப் அனுப்பிக் கூட்டிக்கிட்டுப் போற பொறுக்கி நான் ஒருத்திதான்." அதோடு கிண்டல் செத்தது. பெயர் மட்டும் சாகவில்லை. இப்போது கொழுந்தன் அதைச் சொல்கிற தொனியே வேறு. ஏதோ பட்டம் வாங்கியவரைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்.

முப்பத்தோரு வருடம் தரையைப் பார்த்து நடந்த கழுத்து இனி நிமிரப்போவதில்லை. தெருவிலும் அப்படியேதான் நடை. பக்கத்து வீட்டுப் பெண் தொலைத்த கம்மல் திருகாணி, எதிர்வீட்டுப் பெரியவரின் மூக்குக்கண்ணாடி ஆணி, தபால்காரர் தவறவிட்ட சாவி, எல்லாம் அக்கா கண்ணில்தான் படும். தெருவில் எதைத் தொலைத்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஆனால் கண் கீழே இருந்தால் மேலே இருப்பதைப் பார்ப்பது யார்? விளக்குக் கம்பத்தில் இரண்டு தடவை இடித்துக்கொண்டிருக்கிறார். அதனால் வெளியே கிளம்பினால் கணவர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வருவார். இந்த வயதில் என்ன அந்நியோன்யம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். "தூணுக்கும் எனக்கும் நடுவுல நிக்கிறதுக்குன்னே கட்டிக்கிட்ட மனுசன்," என்பார் அக்கா.

கணவருக்கு டயர்ப் பட்டறை. தேய்ந்துபோன லாரி டயர்களைச் சுரண்டி, மேலே புது ரப்பர் ஒட்டிச் சுடவைத்து எடுக்கும் தொழில். வாய் அதிகம் இல்லாத மனிதர். வண்டிக்காரர்களோடு பேசுவதைவிட டயரைத் தட்டிக் கேட்பதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். வேலை முடிந்து வரும் அக்கா மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்குப் போய், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருப்பார். பல வருடப் பழக்கம் இது.

தளத்தில் பாதிப் பேர் வாயில் விமானங்களுக்கு வழங்குவது அக்கா வைத்த பெயர்கள்தான். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மூக்கில் ஒற்றை விசிறி சுழலும் பயிற்சி விமானங்கள் இருந்தன. கல் அடித்தால் விசிறியில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். மெக்கானிக் அரம் போட்டுத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார். "அதுங்க வளந்த விதம் அப்படி. மண்ணுல எறங்கும், புல்லுல எறங்கும், ஒண்ணும் சொல்லாது." பிறகு வந்தது மூக்கே வாயாகத் திறந்திருந்த ஜெட். அதற்குக் கொட்டாவி என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு வந்ததற்கு வாய் அடிவயிற்றில். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை பெரிய வாயைப் பார்த்த அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வயித்துவாயன் வந்த மாதத்தில் நாலு பேராக இருந்த வரிசை எட்டுப் பேராயிற்று. ஹெலிகாப்டரின் பெயர் தூசிதட்டி. "அவன் பெருக்கவும் மாட்டான், பெருக்கி வச்சத இருக்கவும் விடமாட்டான்." கடைசியாக வந்தது, விமானி இல்லாமல், எங்கோ ஓர் அறையிலிருந்து ஓட்டப்படுகிற ஒல்லி விமானம். மணிக்கணக்காக மேலேயே நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் அக்கா இன்னும் பெயர் வைக்கவில்லை. முதல் தடவை அது இறங்கி வந்து நின்றபோது, கதவு திறந்து யாராவது வருவார்கள் என்று அரை நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஓய்வறைச் சுவரில் வெள்ளை அடித்த ஒரு பலகை இருக்கிறது. வருடக்கணக்கில் பொறுக்கியதில் விமானங்கள் உதிர்த்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மெல்லிய கம்பியால் வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார். மேல்வரிசையில் உருண்டைத் தலை வைத்த தறையாணிகள். பழைய விமானங்களின் மேல்தகட்டைப் பொருத்தியவை. அடுத்து, தலை தட்டையாகி உடம்போடு ஒட்டிப்போகும் ஆணிகள். வேகம் கூடக் கூட, ஆணித்தலைகூடக் காற்றைத் தடுக்கக் கூடாது என்று ஆனது அப்போதுதான். அதற்கும் கீழே தீய்ந்த காகிதம்போல இரண்டு கறுப்புச் செதில்கள். இன்றைய விமானங்களின் உடம்பில் பாதி உலோகமே இல்லை, இழையும் பசையும்தான் என்பதற்கு அதுவே சாட்சி. தளபதிகள் மாறும்போதெல்லாம் புதியவரை அழைத்துவந்து இந்தப் பலகையைக் காட்டுவார்கள். அக்கா பக்கத்தில் நின்று, கேட்டால் மட்டும் சொல்வார்.

பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி சொன்னதை ஜன்னலுக்கு வெளியே பையைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கேட்டதாக அக்கா ஒரு கதை வைத்திருக்கிறார். முதன்முதலில் ராணுவத்தில் விமானத்தைச் சேர்த்தது எதிராளி எங்கே இருக்கிறான் என்று எட்டிப் பார்க்க மட்டும்தானாம். இரு தரப்பு விமானிகளும் நடுவானில் சந்தித்தால் கையசைத்துவிட்டுப் போவார்களாம். அப்புறம் ஒருவன் கைத்துப்பாக்கியோடு வந்தான். இன்னொருவன் கையால் குண்டைத் தூக்கிப் போட்டான். அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும்.

"கையாட்டினதோட நிறுத்தியிருக்கலாம்," என்றார் அக்கா, அன்று சாப்பாட்டு நேரத்தில்.

"நிறுத்தியிருந்தா உனக்கு வேலை ஏது?" என்றார் கணவர்.

"ஏன், குண்டன் இல்லையா?"

குண்டன் என்பது சரக்கு விமானம். நாலு விசிறி, வால்பக்கம் திறந்து தரையில் சாயும் பெரிய கதவு, பக்கத்துக்கு இரண்டும் மூக்கில் இரண்டுமாக ஆறு சக்கரம். அழகென்று சொல்ல ஒன்றும் கிடையாது. படைவீரர்களையும் ஜீப்பையும் சுமக்கப் பிறந்தது. ஆனால் அக்கா பார்த்தவரைக்கும் அது அதிகம் சுமந்தது அரிசி மூட்டை, கம்பளி, தண்ணீர்ப் பீப்பாய், மருந்துப் பெட்டி, ஸ்ட்ரெச்சர். அக்காவுக்கு எல்லா விமானமும் ஒன்றுதான். எதற்கும் ஒரு கல்லைக்கூட விட்டுவைத்ததில்லை. எல்லையில் பதற்றமாக இருந்த மாதங்களில் வயித்துவாயன்கள் இறக்கையடியில் சுமையோடு போய் வெறும் இறக்கையோடு திரும்பியதையும் பார்த்திருக்கிறார். போனது நாலு, வந்தது நாலா என்று மட்டும் எண்ணிக்கொள்வார், மற்றதைக் கேட்கமாட்டார். ஆனாலும் குண்டன் மேலேறும்போது அவர் நிற்கிற நிற்பு வேறு.

குண்டனுக்காகவே ஒரு சட்டத்தையும் அவராக வைத்திருந்தார். அத்தனை சுமையோடு அது ஏறிப்போன பிறகு, ஓடுபாதையின் முதல் ஆயிரம் மீட்டரை மறுபடி ஒரு நடை பார்த்துவிட வேண்டும். எந்தக் காகிதத்திலும் இது கிடையாது. "ஒரு தடவ நடந்தாச்சேக்கா," என்று வரிசையில் முணுமுணுப்பு எழும். அக்கா நடக்க ஆரம்பித்துவிடுவார். அவர் நடந்தால் மற்றவர்கள் நிற்க முடியாது.

போன மழைக்காலத்தில் மலைப்பக்கத்தில் ஓர் ஊரை வெள்ளம் துண்டித்துவிட்டது. சாலை போயிற்று, பாலம் போயிற்று. மருத்துவமனையின் ஒரு பக்கச் சுவர் சரிந்து, அடிபட்டவர்கள் நாற்பத்தொரு பேர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். மேகம் இறங்கி இருந்ததால் ஹெலிகாப்டர் மலையைத் தாண்ட முடியவில்லை. குண்டன்தான் போகவேண்டும். அந்த ஊரில் இறங்க இருந்தது மண்ணை அமுக்கிப் போட்ட குட்டிப் பாதை. இங்குள்ளதில் கால்வாசி நீளம்கூட இல்லை.

காலை ஆறு நாற்பதுக்குக் குண்டன் ஏறியது. அக்காவும் வரிசையும் இரண்டாம் நடைக்கு இறங்கினார்கள். எழுநூறு மீட்டர் தாண்டியிருக்கும். அக்கா பேச்சை நிறுத்தினார். குனிந்தார். வழக்கம்போல உடனே நிமிரவில்லை.

நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு. மேல்பக்கம் டயரின் நீளப் பள்ளம் ஒன்று. அடிப்பக்கம் பிய்ந்த நூலிழைகள். அக்கா அதை மடக்கிப் பார்த்தார், நகத்தால் அழுத்தினார், முகர்ந்தார்.

"நெட்டையா, தொட்டுப் பாரு."

நெட்டையன் தொட்டார். "சுடுதேக்கா."

அக்கா ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அவர் ஓடியதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஜீப்பில் ஏறிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய், மூச்சு வாங்க நாலு மாடி ஏறினார். அங்கே பணியில் இருந்த அதிகாரி தளத்துக்கு வந்து மூன்றே மாதம். அக்காவைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார், பேசியதில்லை.

"குண்டன் டயர் உரிஞ்சிருக்குங்க. எறங்க விடாதீங்க," என்றார் அக்கா.

அதிகாரி துண்டை வாங்கிப் பார்த்தார். "ஓடுபாதையில ரப்பர் கிடக்கறது வழக்கந்தானேம்மா. நேத்து விழுந்ததா இருக்கலாம். வேற விமானத்துதா இருக்கலாம்."

"நேத்து விழுந்தது எப்படிங்க சுடும்? காலையில இதே எடத்துல நடந்தோம், அப்ப இது இல்ல. அப்புறம் ஏறினது அது ஒண்ணுதான். இந்தப் பள்ளத்தோட அகலத்தப் பாருங்க, வயித்துவாயன் டயர்ல இதுல பாதிதான் இருக்கும். மேல் ரப்பர் மட்டும் தேஞ்சு விழுந்தா இப்படி நூல் தெரியாது. இது அடியோட பிரிஞ்சது. மிச்சமும் பிரியும்."

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே நாற்பத்தொரு பேர் காத்திருக்கிறார்கள். திருப்பிக் கூப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் போகும். அதுவரை தாங்குவார்களா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஒரு துண்டு ரப்பரை நம்பி அந்த மூன்று மணி நேரத்தைச் செலவு செய்ய வேண்டும்.

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா என்னைய வேலைய விட்டு அனுப்புங்க. சரியா இருந்து அந்தக் குட்டிப் பாதையில டயர் வெடிச்சா, குண்டன் குறுக்க விழுந்து கிடப்பான். அப்புறம் வேற எந்த விமானத்தக் கொண்டுபோய் எங்க எறக்குவீங்க?"

அதிகாரி துண்டை மேசைமேல் வைத்தார். பிறகு ஒலிவாங்கியை எடுத்தார். விமானத்தைக் கூப்பிட்டு, டயரில் கோளாறு இருக்கலாம் என்றும், ஓடுபாதையில் துண்டு கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார். ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கரகரத்தது.

"யார் எடுத்தாங்க?"

அதிகாரி தயங்கினார். அக்காவின் பதவிப்பெயர் காகிதத்தில் ஒன்றரை வரி நீளம். அது அவருக்கு நினைவில்லை. "இங்க ரன்வேயில… அக்கான்னு சொல்றாங்க."

"அக்காவா? திரும்பறேன்."

வேறு ஒரு கேள்வி இல்லை. அதிகாரி ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா உட்காரவில்லை.

குண்டன் திரும்பி வந்து, எரிபொருள் சுமையைக் குறைப்பதற்காகத் தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மணி பத்து நிமிடம். தீயணைப்பு வண்டிகள் வரிசை கட்டின. இதற்கிடையில் இன்னொரு குண்டனைக் கொட்டகையிலிருந்து இழுத்துவந்து சுமை ஏற்ற ஆரம்பித்தார்கள். அக்கா ஓடுபாதை ஓரத்துப் புல்லில் நின்றார். யாரோ கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போனது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் அவர் மறைப்பதில்லை: "டயர் நல்லா இருக்கட்டும்னு ஒரு மனசு. நல்லா இருந்தா அந்த நாப்பத்தொரு பேருக்கு நான் என்ன பதில் சொல்லன்னு ஒரு மனசு. ரெண்டு மனசும் சேந்து என்னப் பிச்சுத் தின்னுச்சு."

எட்டரை மணிக்குக் குண்டன் இறங்கியது. துண்டு கிடந்தது இடப்பக்கம் என்பதால் கேப்டன் வலப்பக்கச் சக்கரங்களில் பாரத்தைத் தாங்கி, முடிந்த மட்டும் மெதுவாக இடப்பக்கத்தைத் தரையில் வைத்தார். நூறு மீட்டர் ஓடியது. பிறகு பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து கறுப்புக் கறுப்பாக ரப்பர் சிதறியது. விமானம் இடப்பக்கம் இழுத்தது, கேப்டன் வலப்பக்கம் இழுத்தார். ஓடுபாதையின் ஓரக்கோட்டுக்கு எட்டடி முன்னால் அது நின்றது. உள்ளே இருந்த ஏழு பேரும் தங்கள் காலாலேயே நடந்து இறங்கினார்கள். இங்கே அதற்கு இடம் இருந்தது. மலையூரின் குட்டிப் பாதையில் ஓரக்கோட்டுக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா கைதட்டவில்லை. அதற்கு நேரமில்லை. இரண்டாவது குண்டன் தயாராகிக்கொண்டிருந்தது, பாதை முழுக்க ரப்பரும் கம்பியும் கிடந்தன. பெருக்கும் வண்டி பெரிய துண்டுகளை வாரியது. சின்னது எட்டுப் பேருக்குத்தான்.

"அங்க நாப்பத்தொரு பேர் படுத்துக் கிடக்காங்க," என்றார் அக்கா. "முடியறவரைக்கும் யாரும் நிமிர வேணாம்."

இருபத்திரண்டு நிமிடம். யாரும் நிமிரவில்லை, நெட்டையன் உட்பட. அக்கா ஏட்டில் நத்தையை ஓடவிட்டார். பழைய குண்டனை இழுத்து ஓரங்கட்டியதும் புதிய குண்டன் ஏறியது. அது போன பிறகு, ஒரு வார்த்தை பேசாமல், முதல் ஆயிரம் மீட்டருக்கு எட்டுப் பேரும் மறுபடி இறங்கினார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு அது திரும்பி வந்து வால்கதவைத் திறந்தது. ஸ்ட்ரெச்சர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அக்கா தூரத்தில் நின்று உதட்டசைத்து எண்ணினார். நாற்பத்தொன்று.

மாலையில் மெக்கானிக்குகள் வெடித்த டயரின் துண்டுகளைக் கொட்டகைத் தரையில் பரப்பி, உடைந்த பானையைப் போல ஒட்டவைத்துப் பார்த்தார்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அக்காவின் துண்டு அதில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

அன்று பட்டறைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. கணவர் பசியோடு இருந்தார், ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. நடந்ததை எல்லாம் அக்கா சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடியோட பிரிஞ்சதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பதினெட்டு வருசமா நீங்க சாப்பிடறவரைக்கும் இங்கதானே உக்காந்திருக்கேன். உங்க மூஞ்சியவா பாத்துக்கிட்டிருந்தேன்?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தார். வாயில்லாத அந்த மனிதர் அடுத்த ஒரு வாரம், பட்டறைக்கு வந்த ஒவ்வொரு லாரிக்காரரையும் பிடித்து உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை கதையைச் சொன்னாராம். டயரைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நீட்டுவாராம். கொழுந்தன் தன் பங்குக்கு நாலு தெரு தள்ளிவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தளபதி பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எட்டுப் பேர் என்று மாற்றி அடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். மாற்றித் தந்தார்கள். ஆனால் அவருக்குப் பெருமை அந்தப் பத்திரத்தில் இல்லை. மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கனரக விமானம் ஏறிய பிறகு ஓடுபாதையின் முதல் ஆயிரம் மீட்டரை மீண்டும் நடந்து சோதிக்க வேண்டும் என்று, முத்திரையோடும் கையொப்பத்தோடும். நெட்டையனை விட்டு அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அக்கா. "இனிமே முணுமுணுத்தா சட்டப்படி குத்தம்," என்றார்.

நாலாம் நாள், குண்டனுக்கு ஆறு சக்கரமும் புதுசாகப் போட்டு, மலையூருக்கு மாவும் கூடாரமும் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் இன்னும் கிளப்பவில்லை. ஏணியடியில் நின்றிருந்த கேப்டன், வரிசையோடு அந்தப் பக்கமாக வந்த அக்காவைப் பார்த்ததும், விளையாட்டும் மரியாதையும் கலந்து கேட்டார்: "என்னக்கா, கிளம்பட்டுமா?"

சுமை ஏற்றியவர்கள் சிரித்தார்கள். போய்ட்டு வாங்க என்று அக்கா சொல்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"இருங்க," என்றார் அக்கா.

பையைக் கழற்றி நெட்டையனிடம் கொடுத்துவிட்டு விமானத்தின் அடியில் போனார். மூக்குச் சக்கரம் இரண்டையும் பார்த்தார். வலப்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, ரப்பர்மேல் கைவைத்து, எட்டிய மட்டும் தடவிக்கொண்டே போனார். இடப்பக்கத்துக்கு வந்தார். பின்சக்கரத்தில் அதிக நேரம் ஆயிற்று. சிரித்தவர்கள் எப்போதோ சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். கேப்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காத்திருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அக்கா வெளியே வந்தார். கறுப்பான உள்ளங்கையை மேலங்கியில் துடைத்தார். பிறகு ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று, விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல, ஓடுபாதைப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.